உடைக்கிற கருவியைக் கொடுப்பதா

அந்தக் கோரிக்கை வந்தது ஆடி பிறந்த வாரத்தில். திருப்பதியில் அன்று காற்று அதிகம். மாடியில் காயப்போட்ட துணிகள் பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்துவிட்டன என்று என் மனைவி கேட்டு வாங்கிவரப் போயிருந்தாள். நான் காப்பியை வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

பகலில் நான் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அது சம்பளத்துக்கு. காலையில் கல்லூரிக்குப் புறப்படும் முன் செய்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது. எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதும் நிரல்களை வாங்கி, லினக்ஸ் கணினியில் யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளும்படி கட்டித் தருகிற ஒரு குழுவில் நானும் இருக்கிறேன். அப்படிக் கட்டியதைப் பேக்கேஜ் என்போம். என் பொறுப்பில் ஒரே ஒரு பேக்கேஜ்தான். டிஸ்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் ஏற்பாட்டை ஃபைல் சிஸ்டம் என்பார்கள். அதைச் சோதிக்கவும், பழுதானால் சரிசெய்யவும் வேண்டிய கருவிகள் அந்தப் பேக்கேஜில் இருக்கின்றன.

கோரிக்கையை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. என்னுடையதைப் போலவே அவருடையதும் புத்தகம் பார்த்துக் கற்ற ஆங்கிலம். எழுதியவர்கள் தரும் மூல நிரலில் இன்னொரு கருவியும் இருக்கிறதே, அதை ஏன் நீங்கள் பேக்கேஜில் சேர்ப்பதில்லை என்று கேட்டிருந்தார். அந்தக் கருவியின் வேலை கெடுப்பது. எந்த டிஸ்கைக் காட்டுகிறோமோ அதில், சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்குக் கெடுக்கும். பழுதுபார்க்கும் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் ஒரு பழுது வேண்டும். அதற்காக நிரலை எழுதியவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்டது அது. ஊருக்குக் கொடுக்க அல்ல.

உடனே பதில் எழுதவில்லை. என் பேக்கேஜை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை, ஒருத்தியைத் தவிர. அவள் என் தங்கை.

சித்தூரிலிருந்து திருப்பதி வருகிற சாலையில், பூதலப்பட்டில், அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. மாப்பிள்ளை படம் எடுப்பார். தங்கை கணினியில் உட்கார்ந்து ஆல்பம் கட்டுவாள். ஊரார் கொண்டுவரும் பென் டிரைவ்களிலிருந்து வைரஸ் ஏறி ஏறி அந்தக் கணினி படுத்துவிட்டதால் நான்தான் அதில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது.

அந்தக் கணினியின் டிஸ்கில் இருப்பதெல்லாம் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்கள். ஊர்ப் பெயர், மாதம், முகூர்த்தம் என்று ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு ஃபோல்டர். கல்யாண வீட்டார் ஆல்பத்தை வாங்கிப் போன பிறகும் தங்கை எதையும் அழிப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் தங்களுக்கென்று போய் ஒரு படம் எடுத்துக்கொள்வது அபூர்வம். யாராவது இறந்துவிட்டால் காரியத்தன்று மாலை போட ஒரு படம் வேண்டும். ஆதார் அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கினால் ஆளையே தெரியாது. அப்போது வீட்டில் யோசிப்பார்கள். கடைசியாக எந்தக் கல்யாணத்துக்குப் போனார்? அங்கே படம் எடுத்தது யார்? யோசித்து முடித்து நேராகத் தங்கையிடம் வருவார்கள். அவள் அந்த ஊர் ஃபோல்டரைத் திறந்து, பந்தியிலும் மொய் எழுதுகிற இடத்திலும் தேடி, கூட்டத்துக்குள்ளிருந்து அந்த ஒரு முகத்தை எடுத்துக் கொடுப்பாள்.

"எலெக்ஷன் ஆபீஸ்லகூட இவ்ளோ மொகம் இருக்காது மச்சான்" என்பார் மாப்பிள்ளை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், போன வேகத்தில் வந்தது. பழைய யு.பி.எஸ். தாங்கவில்லை, கணினி அணைந்து மறுபடி எழுந்தது. தங்கை கையைக் கழுவிவிட்டு, கட்டளை அடிக்கிற கருப்புத் திரையைத் திறந்தாள். என் கருவிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே மூன்று எழுத்தில் தொடங்கும். அந்த மூன்றை அடித்து டேப் விசையைத் தட்டினால் மொத்தமும் வரிசையாக வந்து நிற்கும். அவள் மேலிருந்து ஒவ்வொன்றாக ஓட்ட ஆரம்பித்தாள்.

"இன்னா பண்றே?" என்று கேட்டேன்.

"டிஸ்கைச் சரி பண்றேன்ணா. கரண்ட் போனா இத்தான் பண்ணுவேன்."

"எது எதுக்குன்னு தெரியுமா?"

"எல்லாம் நீ குடுத்ததுதானே. ஒண்ணொண்ணா போட்டுக்கினு வந்தா எதுனா ஒண்ணு வேலை செய்யும். பீரோவுக்கு இன்னா பண்றோம்? கொத்துல இருக்கற சாவியெல்லாம் போட்டுப் பாக்கறதில்லியா?"

"தப்புச் சாவி போட்டா?"

"தொறக்காது. அவ்ளோதானே" என்றாள். "நீ ரசம் ஊத்திக்கோ, ஆறுது."

அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அன்றைக்கு இருந்த கருவிகளில் எதை ஓட்டினாலும் கெடுதல் வராது. பழுதுபார்ப்பது மட்டும் டிஸ்கில் எழுதுவதற்கு முன் ஆமாவா இல்லையா என்று கேட்கும். ஆனால் கெடுக்கிற கருவிக்கும் அதே மூன்று எழுத்துத்தான் தொடக்கம். நான் அதைப் பேக்கேஜில் சேர்த்தால், அடுத்த முறை அவள் டேப்பைத் தட்டும்போது அதுவும் அந்த வரிசையில் வந்து நிற்கும்.

மறுநாள் காலை பதில் எழுதினேன். இது நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டுமான கருவி, வேண்டியவர்கள் மூல நிரலிலிருந்து தாங்களே கட்டிக்கொள்ளலாம், சாதாரணமானவர்கள் கையில் கொடுப்பது ஆபத்து என்று சொல்லி, சேர்ப்பதற்கில்லை என முடித்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் கட்டிக்கொள்கிறேன், அது பிரச்சினை இல்லை என்று எழுதினார். ஆனால் ஒன்று சொன்னார். எங்கள் குழுவில் ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் தானாகச் சோதிக்கிற இயந்திரங்கள் இருக்கின்றன. அவை பேக்கேஜாக வந்ததை மட்டுமே தொடும். கெடுக்கிற கருவி பேக்கேஜில் இல்லையென்றால், உங்கள் பழுதுபார்க்கும் கருவிக்கு நல்ல டிஸ்கைத் தவிர வேறெதையும் காட்ட முடியாதே, கெட்டுப்போன டிஸ்கில் அது என்ன செய்யும் என்று யார் பார்ப்பது என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தங்கையின் டேப் விசையும் நியாயம்தான். கோரிக்கையை மூடாமல் அப்படியே வைத்தேன். புரட்டாசி போனது. ஐப்பசியில் புதிய பதிப்பு ஒன்று வந்தது, அதைக் கட்டி அனுப்பினேன். இயந்திரங்கள் எல்லாம் சரி என்றன.

கார்த்திகை மழையில், ஒரு வேலை நாள் காலை, தங்கையிடமிருந்து போன் வந்தது.

"ணா, டிஸ்க் தொறக்கமாட்டேங்குது. நேத்து ராத்திரி பூரா கரண்ட் போய்ப் போய் வந்துச்சு."

"எதுனா ஓட்டினியா?"

"பாக்கற கருவி மட்டும் ஓட்டினேன். தப்பு இருக்குதுன்னுச்சு. அடுத்தது ஓட்டினேன், சரி பண்ணட்டுமா, ஆமாவா இல்லியான்னு கேக்குது. எப்பவும் ஆமான்னுதான் தட்டுவேன். இன்னிக்கி கை வரல."

"ஏன்?"

குரலைத் தாழ்த்தினாள். "எதிர்ல ஒருத்தர் உக்காந்துகினு இருக்காருணா. சம்சாரம் தவறிட்டாங்களாம். படத்துக்கு வந்திருக்காரு."

கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பெரிய டிஸ்க் ஒன்றை மழைபடாமல் சுற்றி எடுத்துக்கொண்டு சித்தூர் பஸ்ஸில் ஏறினேன். தங்கை வருடம் ஒருமுறை எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுப்பாள். கல்யாணம் இல்லாத ஆடியில்தான் அதற்குக் கை ஒழியும். அப்படி இந்த வருடமும் எடுத்திருந்தாள். ஆனால் இறந்துபோன அந்த அம்மா கடைசியாகப் போன கல்யாணம் ஆவணியில். நகலில் அது இல்லை.

நான் போனபோது அந்த மனிதர் ஸ்டூடியோவின் பிளாஸ்டிக் நாற்காலியில், ஈரத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர் விவசாயி. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். மாப்பிள்ளை வெளியூர் வேலையாகப் போயிருந்தார். தங்கை எனக்கு டீ சொன்னாள். அவருக்கு ஏற்கெனவே சொன்னது ஆறிப்போய் அப்படியே இருந்தது.

முதலில் அவளுடைய டிஸ்கை அப்படியே, பழுதோடு சேர்த்து, என் டிஸ்கில் நகல் எடுக்க விட்டேன். மூலத்தைத் தொடக்கூடாது. நகல் முடியப் பிற்பகல் ஆகிவிடும். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானே ஐப்பசியில் கட்டி அனுப்பிய புதிய பதிப்புத்தான் இந்தக் கணினியிலும் இருக்கிறது. இதேபோன்ற பழுதில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. மடிக்கணினியில் மூல நிரலை இறக்கி, அந்தக் கெடுக்கிற கருவியைக் கட்டினேன். ஒரு சின்ன ஃபைலை உருவாக்கி, அதையே ஒரு டிஸ்க் என்று கணினியை நம்பவைக்கலாம். அதில் போட ஏதாவது கொடு என்று தங்கையிடம் கேட்டேன்.

ஆடியில் எடுத்த நகல் டிஸ்கில் பழைய ஃபோல்டர்களைத் துழாவினாள். "உன் கல்யாணத்தப் போடு."

"ஏன், வேற இல்லியா?"

"போனாலும் கேக்க யாரும் வரமாட்டாங்க. அண்ணியே ஆல்பத்தப் பரண்மேல போட்டு வெச்சிருக்காங்க."

போட்டேன். பிறகு ஃபோல்டர் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தைக் கருவியிடம் சொல்லி, தட்டினேன். சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டது. திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. தங்கையின் டிஸ்க் சொன்ன அதே பிழையைச் சொன்னது.

"நீயே ஒடைச்சியாணா?"

"ஆமா."

"இதுக்குத்தான் இவ்ளோ படிச்சியா?" என்றாள். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

புதிய பதிப்பை ஓட்டினேன். சரிசெய்துவிட்டேன் என்றது. திறந்து பார்த்தோம். படங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் ஃபோல்டர் இல்லை, பெயர் இல்லை. எல்லாம் ஒரே குவியலாக, ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் எண்.

"ஊர் பேரு எங்கணா? மாசம்?"

"இல்லை."

"அய்ய. உன் ஒருத்தன் கல்யாணம்னா பரவால்ல." அவள் திரும்பித் தன் கணினியைப் பார்த்தாள். "இத்தனை ஊரும் இப்படிக் கொட்டிட்டா நான் எங்க போய்த் தேடுவேன்?"

காலையில் அவள் ஆமா என்று தட்டியிருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

அந்த மனிதர் அதுவரை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம் பாபு, பெட்டி செத்துப்போச்சா?"

"இல்லீங்க. உள்ள எல்லாம் இருக்குது. பேருதான் மறந்துபோச்சு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "எங்க ஆளும் கடைசில அப்படித்தான். புள்ளைங்க பேரு போச்சு, என் பேரும் போச்சு. ஆனா வாசப்படி ஏறினா மட்டும், துன்னியான்னு கேப்பா. யாரு வந்தாலும் கேப்பா. கரண்ட் பில்லு குடுக்க வந்தவனக்கூடக் கேட்டா." சிரிக்கப் பார்த்தார். தங்கை எழுந்து ஆறிய டீயை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வேறு வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தாள். இந்த முறை குடித்தார்.

நான் மறுபடியும் என் கல்யாணத்தைப் போட்டு, அதே இடத்தில் கெடுத்து, இந்த முறை முந்தைய பதிப்பால் சரிசெய்தேன். மெதுவாக ஓடியது. ஃபோல்டர் பெயரோடு திரும்பி வந்தது. சந்தேகத்துக்கு வேறு வேறு இடங்களில் கெடுத்தும் பார்த்தேன். முந்தைய பதிப்பு ஒவ்வொரு முறையும் பெயர்களைக் கொண்டுவந்தது. புதியது ஒவ்வொரு முறையும் கொட்டிவிட்டது. என் கல்யாணம் இத்தனை தடவை உடைந்து ஒட்டியதை அண்ணிக்குச் சொல்லப்போவதாகத் தங்கை சொன்னாள்.

நகல் முடிந்ததும் அதன்மேல் முந்தைய பதிப்பை ஓட்டினேன். மழை விட்டு, மறுபடி பிடித்தது. தங்கை திரையைப் பார்க்கவில்லை. பிரேம் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். திறந்தபோது ஊர்கள் எல்லாம் இருந்தன, அவள் வைத்த வரிசையில், அவள் செய்த எழுத்துப் பிழைகளோடு.

ஆவணிக் கல்யாணத்தைத் திறந்தாள். அந்த அம்மாவைக் கண்டுபிடித்தது அவர்தான். பந்தியில், இலைக்கு முன்னால், கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் தலையைத் திருப்பி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. வேறொரு படத்தில் மேடைக்குக் கீழே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கை அதைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இது நல்லா இருக்குதுங்க. நேரா பாக்கறாங்க. பட்டுச் சேல மாத்திப் போட்டு, பின்னாடி நீலம் குடுத்திடறேன்."

காரியத்துப் படம் என்றால் எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் அப்படித்தான். முகம் மட்டும் அவர்களுடையது. பட்டுச் சேலையும் கழுத்து நகையும் கணினியில் தயாராக இருக்கும்.

"ஒத்தும்மா" என்றார். வேண்டாம் என்று. "அந்தச் சேலையே இருக்கட்டும். துன்ற எடத்துல இருக்கறதே போடு."

"அதுல சைடுல பாக்கறாங்களேங்க."

"என்னைத்தாம்மா பாக்கறா. நான் அந்தாண்ட பந்தியில தண்ணி ஊத்திகினு இருந்தேன்."

தங்கை அந்தப் பந்திப் படத்தையே எடுத்தாள். பக்கத்து இலைக்காரர்களை மட்டும் நீக்கினாள். அந்த அம்மாவின் இலையை விட்டுவைத்தாள். அச்செடுத்து, பிரேம் போட்டு, பாலிதீன் பையை இரண்டாக மடித்துச் சுற்றிக் கொடுத்தாள். அவர் அதைத் துண்டுக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

"அந்த ஒடைக்கிறது என் கம்ப்யூட்டருக்கும் வருமா?" என்று தங்கை கேட்டாள். டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சேக்கமாட்டேன்னு எழுதியிருக்கேன்."

"எனக்கு வேணாம். நான் சும்மா இருக்கமாட்டேன், எதுனா தட்டிடுவேன்." கிளாஸ்களை வாசலில் வைத்துவிட்டு வந்து, "ஆனா இன்னிக்கி அது இல்லன்னா அந்தப் புதுசத்தானே ஓட்டியிருப்பே?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது கோரிக்கையை மறுபடி திறந்து முதலிலிருந்து படித்தேன். கொடுப்பதா கூடாதா என்று மட்டுமே நான் யோசித்திருந்தேன். எங்கே வைத்துக் கொடுப்பது என்று யோசிக்கவில்லை. கெடுக்கிற கருவிகளைத் தனிப் பேக்கேஜாகக் கட்டலாம். பழுதுபார்க்கும் பேக்கேஜை இறக்குகிறவர்களுக்கு அது தானாக வராது. கேட்டு இறக்கினாலும், டேப் விசை தேடாத ஓர் இடத்தில், முழு முகவரி அடித்தால் மட்டுமே ஓடும்படி வைக்கலாம். சோதனை இயந்திரங்களுக்கு அந்த முகவரி தெரிந்தால் போதும்.

சொல்வதைப்போல எளிதாக முடியவில்லை. குழுவில் ஒரு பெரியவர், உருப்படி கூடக் கூடப் பராமரிப்பும் கூடும், ஒரு சில பேருக்காக இது தேவையா என்று கேட்டார். அவருக்குப் பதில் எழுதவே பல காலைகள் போயின. பேக்கேஜைப் பற்றிய விளக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப எழுதினேன். டிஸ்கைக் கெடுப்பதுதான் இதன் வேலை, இதில் உள்ள எதையும் உங்கள் சொந்த டிஸ்கில் ஓட்டாதீர்கள் என்று முதல் வரியிலேயே வைத்தேன். மனைவிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"எலி மருந்து டப்பா மேல எழுதற மாதிரி இருக்குது" என்றாள்.

"அப்படித்தான் இருக்கணும்."

"மண்டை ஓடு ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லிவிட்டு இட்லித் தட்டை எடுக்கப் போனாள்.

தனிப் பேக்கேஜை அனுப்பியதும், அதைக் கொண்டு நான் கண்ட பழுதையும் நிரலை எழுதுகிறவர்களுக்குத் தெரிவித்தேன். யார் வேண்டுமானாலும் அதேபோலக் கெடுத்து, அதேபோலப் பெயர்கள் தொலைவதைப் பார்க்கும்படி படிப்படியாக எழுதினேன். இடையில் ஓரிடத்தில், ஒரு ஸ்டூடியோவின் கல்யாணப் படங்கள் என்று குறிப்பிட்டிருந்தேன். கோரிக்கை அனுப்பியவரிடமிருந்து அன்றே பதில் வந்தது. கருவியைப் பற்றியோ பேக்கேஜைப் பற்றியோ ஒன்றும் இல்லை. அந்தப் படங்கள் கிடைத்தனவா என்று மட்டும் கேட்டிருந்தார். கிடைத்தன என்று எழுதினேன். யாருக்காகத் தேடினோம் என்பதையும் எழுதினேன். அதற்குமுன் முன்பின் தெரியாத ஒருவருக்கு அவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை.

மார்கழி முழுக்கத் தங்கையின் கணினியில் முந்தைய பதிப்பையே நிறுத்தி வைத்திருந்தோம். கரண்ட் போனால் ஒன்றும் தட்டாமல் எனக்குப் போன் செய்வாள். தை பிறந்த பிறகு திருத்திய பதிப்பு வந்தது. அதைக் கட்டி அனுப்பிவிட்டு மறுநாள் காலை பார்த்தேன். எங்கோ இருக்கிற இயந்திரங்கள் இந்த முறை டிஸ்கைக் கெடுத்து, பழுதுபார்த்து, ஃபோல்டர் பெயர்களை ஒன்று விடாமல் ஒப்பிட்டு, சரி என்று சொல்லியிருந்தன. தங்கைக்குப் போன் போட்டேன்.

மேளச் சத்தத்தில் அவள் குரல் மேலும் கீழுமாக வந்தது. "ணா, சொல்லு. லைட்டு புடிச்சுகினு இருக்கேன். ஆளு வரல, இவரு என்னைக் கூட்டிகினு வந்துட்டாரு."

"புதுசு வந்திடுச்சு. ஒடைச்சுப் பாத்தாச்சு. பேரெல்லாம் வருது. இனி போட்டுக்கலாம்."

"ஊர் பேரு?"

"ஊர் பேரு, மாசம், எல்லாம்."

"சரிணா. இரு, தாலி கட்டப் போறாங்க."

போனை அணைக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டாள் போலிருக்கிறது. மேளம் வேகமெடுத்தது. அதற்கு மேலாக அவள் குரல் கேட்டது, யாரையோ தெலுங்கிலும் தமிழிலுமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பின்னாடி நிக்கறவங்க கொஞ்சம் முன்னாடி வாங்க. பெத்தம்மா, மீரு கூடா ரண்டி, நீங்களும் வாங்க. தூணுக்குப் பின்னாடி நிக்காதீங்க தாத்தா, மொகம் தெரியணும்."

மேளம் நிற்கும்வரை நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.